லேப்டாப்புக்குப் பூசிய திருநீறு

செப்டம்பர் 27, சனி

மே மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்ற அன்று, ரயில்வே பணிமனை நண்பர்கள் ஒரு ரோஜா மாலையும் இந்த டைரியும் கொடுத்தார்கள். மாலை மறுநாளே வாடிவிட்டது. டைரி நான்கு மாதமாக வாடாமல் இருக்கிறது. முதல் பக்கத்தில் 'பெயர்: ரத்தினசபாபதி, ரத்த வகை: பி பாசிட்டிவ்' என்று எழுதியதோடு என் எழுத்து வாழ்க்கை நின்றுபோயிருந்தது. இன்று மறுபடி எடுத்ததற்குக் காரணம், வீட்டில் பேச ஆள் இல்லை.

வல்லி, அதாவது என் மனைவி சௌந்தரவல்லி, வியாழக்கிழமை காலை கும்பகோணத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அக்காவுக்கு மூட்டு வலி. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டுமாம். இதில் வேறு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன். மாடி வீட்டில் கேட்காதபோதும் சொன்னேன்.

பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை. கூடத்து மேஜையில் மூடி வைத்து, மேலே ஒரு மெல்லிய துணி போர்த்தியிருக்கிறாள். அதில்தான் அவள் தினமும் மாலை ஐந்து மணிக்கு மஸ்கட், துபாய், தோகா பிள்ளைகள் ஒன்பது பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நவராத்திரிக்காக ஏழாம் தேதி வரை வகுப்புக்கு விடுமுறை விட்டிருக்கிறாள். எட்டாம் தேதி வகுப்பு எடுக்க லேப்டாப் வேண்டும், லேப்டாப் இங்கே இருக்கிறது, ஆகவே அவள் வருவாள். நான் நிம்மதியாக இருக்கிறேன்.

உப்புமா கிளறினேன். நான்கு பேர் சாப்பிடலாம். நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ரசம் வைத்தேன். அதை ரசம் என்று சொல்வது நான் மட்டும்தான்.

செப்டம்பர் 29, திங்கள்

கும்பகோணத்துக்குப் போன் செய்தேன். வல்லி எடுக்கவில்லை. வீட்டுப் போனில் கூப்பிட்டதும் சகலை முத்தையா எடுத்தார். அண்ணிக்கு, அதாவது வல்லியின் அக்காவுக்கு, மூட்டு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தேன்.

"அவ மாடியில போர்வை காயப் போட்டுக்கிட்டு இருக்கா சகல. காலையிலேருந்து நாலு தடவை ஏறி எறங்கிட்டா."

அந்த மாடிக்கு இருபத்திரண்டு படி. மூட்டு வலி இவ்வளவு சீக்கிரம் குணமானதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரலைத் தாழ்த்தி, அப்படி என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். வீட்டுப் போனில் பேசுகிறவருக்கு அது எப்படிப் பட்டிருக்குமோ தெரியவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். எங்கள் பூஜை அலமாரி, வல்லியின் மேஜைக்கு நேர் பின்னால் சுவரில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷம் முன்பு நானே துளை போட்டு மாட்டியது. மாலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு வந்து திருநீறு பூசுவது பணிமனைக் காலத்துப் பழக்கம். போன திங்கட்கிழமை இடுப்பில் ஒற்றைத் துண்டோடு வந்து திருநீற்றுக்குக் கை நீட்டினேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது பிள்ளைகள் மூன்று ஊர்களிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. அதன் பிறகு நான் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. ஒட்டடை அடித்தேன். பாதி ஒட்டடை என் தலையில்தான் இறங்கியது. அங்கே முடி இல்லாததால் சுலபமாகத் துடைக்க முடிந்தது.

பணிமனையில் ஆயுத பூஜை என்றால் நான்தான் ராஜா. முப்பத்து நான்கு வருஷம் என் லேத்தை, அதாவது கடைசல் இயந்திரத்தை, மண்ணெண்ணெயும் வேஸ்ட் பஞ்சும் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருப்பேன். ஃபோர்மன் துரைக்கண்ணோடு ஒருமுறை ஆறு மாதம் பேச்சில்லை. தப்பு என்னுடையதுதான். ஆயுத பூஜை அன்று அவர் மேஜையைத் துடைத்து, பொட்டு வைத்து, பூச் சாத்திவிட்டு வந்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "டீ சாப்பிடலாமா" என்று கேட்டார். அதோடு முடிந்தது. எங்கள் இடத்தில் யாரும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. பொட்டு வைத்துவிட்டால் போதும்.

இந்த வருஷம் லேத் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடினேன். அரிவாள்மனை, ஸ்பேனர் செட், மிக்ஸி, ஓடாத ஸ்கூட்டர். எல்லாம் என்னைப் போலவே ஓய்வு பெற்ற ஜாதி. கடைசியில் மேஜைமேல் துணி போர்த்திய லேப்டாப் கண்ணில் பட்டது. இந்த வீட்டில் இப்போது வேலை பார்க்கிற ஒரே ஆயுதம் அதுதான். இதை ஒருநாளும் வல்லியிடம் நான் சொன்னதில்லை.

நாளை அதை நடுவில் வைத்துப் பூஜை போடப்போகிறேன். போட்டோ எடுத்து அனுப்பினால் அவளுக்குப் புரிந்துவிடும்.

அக்டோபர் 1, புதன்

பூஜை பிரமாதமாக நடந்தது. லேப்டாப்பைத் திறந்து நடுவில் நிறுத்தினேன். வலது பக்கம் ஸ்பேனர் செட், இடது பக்கம் அரிவாள்மனை. திரையின் குறுக்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று பட்டையாகத் திருநீறு குழைத்துப் பூசினேன். நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். செவ்வந்தி மாலை. பொரி, கடலை, சுண்டல். சுண்டல் கொஞ்சம் கல்லாக இருந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று போட்டோ எடுத்தேன். ஒன்றில் என் கட்டைவிரல் மட்டும் தெளிவாக வந்தது. மற்ற இரண்டையும் பதினொரு மணிக்கு வல்லிக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. வேலையாக இருப்பாள்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மாலையை எடுத்துவிட்டுத் திரையைத் துடைக்கப் போனேன். ஒரு நாள் காய்ந்த சந்தனம் ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனமும் குங்குமமும் கலந்து திரை முழுக்க ஈஷிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளி விளக்கை எதனால் துலக்குகிறோம்? ஈரத் திருநீற்றால். வெள்ளிக்கே ஆகும்போது இதற்கு ஆகாதா?

ஒரு கை திருநீறு எடுத்து, தண்ணீர் தெளித்து, லேத் துடைத்த கையால் அழுத்தித் தேய்த்தேன். ஓரிடம் பளபளவென்று வந்தது. பக்கத்து இடம் மங்கலாகத் தெரிந்தது. மங்கலை அழுக்கு என்று நினைத்து அதையும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு கூடியது. முப்பத்து நான்கு வருஷ அனுபவத்தில் பளபளப்பு கூடினால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். பாட்டு வேறு பாடினேன்.

துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். திரை, வெயிலில் தோலுரிந்த முதுகு மாதிரி இருந்தது. இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு, ஓரமெல்லாம் பிசிறு. வெள்ளைப் பக்கம் வந்ததும் இன்னும் கோரமாகத் தெரிந்தது. நான் எடுத்தது அழுக்கு இல்லை. திரைமேல் இருந்த பூச்சு.

போன வருஷம் வல்லி சொன்னது அதற்குப் பிறகு ஞாபகம் வந்தது. திரைமேல் கண் கூசாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கிறது, ஓரத்தில் ஏற்கனவே தேய ஆரம்பித்துவிட்டது, மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி தவிர எதுவும் படக்கூடாது என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் பேப்பர் படித்துக்கொண்டு "ம்" போட்டேன்.

மாலை

வல்லியிடமிருந்து செய்தி வந்தது. "ஸ்கிரீன்ல எதையும் தேய்க்காதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

'நான் வந்து' என்பதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். முதல் வாக்கியத்தை ஒரு தடவைதான் படித்தேன். அதற்குமேல் தைரியம் வரவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். திட்டெல்லாம் மறைந்து புதுசு மாதிரி ஆகிவிட்டது. பத்து நிமிஷம் நானே என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டேன். பிறகு தூசி வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது திரையில் திட்டும் இருந்தது, எண்ணெயும் இருந்தது, தூசியும் இருந்தது.

சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்தில் லேப்டாப் பழுது பார்க்கிற கடை. ரஹ்மத் நிஷா என்கிற பெண் நடத்துகிறார், முப்பது வயது இருக்கும். திரையைத் திறந்தவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்ன சார், கோயில் வாசனை வருது?"

இது என் லேப்டாப் இல்லை, ஆபீஸ் லேப்டாப், அங்கே இருக்கிற பியூன் எதையோ போட்டுத் துடைத்துவிட்டான் என்றேன். அவர் கீல் இடுக்கிலிருந்து கொஞ்சம் குங்குமத்தை ஊசியால் நோண்டி எடுத்துக் காகிதத்தில் வைத்தார். உங்கள் பியூன் ரொம்பப் பக்திமான் என்றார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. நல்ல பெண்.

போன பூச்சைத் திரும்பப் பூச முடியாதாம். புதுத் திரை சென்னையிலிருந்து வரப் பதினைந்து நாளாகும். இன்னொரு வழி இருக்கிறது என்றார்.

"பாதி போயி பாதி இருக்கறதுதான் சார் அசிங்கம். மிச்சத்தையும் எடுத்துட்டா வெறும் கண்ணாடி. படம் நல்லாத் தெரியும். ஆனா எதிர்ல இருக்கறதெல்லாம் அதுல தெரியும், முகம் பாக்கற கண்ணாடி மாதிரி. அது பரவாயில்லன்னா எடுத்துரலாம்."

எடுத்துக் கொடுங்கள் என்றேன். கடையில் யாருக்கும் அவ்வளவு நேரம் இல்லை, மூன்று நாள் உட்கார்ந்து தேய்க்க வேண்டும் என்றார். நேரம் என்னிடம்தான் குவிந்து கிடக்கிறது. ஒரு சின்னக் குப்பியில் திரவமும் இரண்டு மெத்துத் துணியும் கொடுத்தார். அணைத்து வைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். துணியில் நனைக்க வேண்டும், திரையில் ஊற்றக்கூடாது. ஒரு நேரத்தில் தீப்பெட்டி அளவு. முக்கியமாக, அழுத்தக்கூடாது. கடைசி விதியை மூன்று தடவை சொன்னார்.

அக்டோபர் 4, சனி

வல்லி கூப்பிட்டாள். ஒன்பது நாள் கழித்து அவள் குரலைக் கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். காலை பத்தரை மணிக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"புதன்கிழமை கிளாஸ் ஆரம்பிக்குது. லேப்டாப்ப செவ்வாய்க்குள்ள பஸ்ல குடுத்து அனுப்பிடுங்க. இங்க மாடி ரூம்ல உக்காந்து எடுத்துக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியலங்க."

வியாழக்கிழமை 'நான் வந்து பாத்துக்கறேன்' என்றவள்தான் இன்று இதைச் சொல்கிறாள். லேப்டாப் இங்கே இருக்கிறவரை அவள் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் போட்ட கணக்கு இது. அவள் வரவேண்டியதில்லை. பெட்டி ஏற்கனவே அங்கே போய்விட்டது, இதுவும் போனால் இந்த வீட்டில் அவளுக்கு வேண்டியது என்று ஒன்றும் இருக்காது. எனக்குப் பயமாக இருக்கிறது.

மதியத்திலிருந்து தேய்க்கிறேன். ஆறு தீப்பெட்டி முடிந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

இருபது தீப்பெட்டி. விரல் நுனியெல்லாம் ஊறிப்போய்விட்டது. அழுத்தாமல் தேய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. கொஞ்சம் அவசரப்பட்டால் விரல் தானாக அழுத்திவிடுகிறது. கையை எடுத்துவிட்டு மூச்சு விட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் யோசனை வருகிறது. யோசனை வரக்கூடாது என்றுதான் நான் இதுவரை அழுத்தியே தேய்த்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

போன திங்கட்கிழமை 'நினைவில்லை' என்று எழுதியது பொய். ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது.

பிள்ளைகள் சிரித்ததும் வல்லி திரும்பி, தணிந்த குரலில், "உள்ள போங்க, கிளாஸ் நடக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் போயிருக்கலாம். நின்று, துண்டை இறுக்கிக்கொண்டு, "பொழுது போகாம பண்ற வேலைக்கு இவ்வளவு அலட்டலா? நான் கட்டின வீட்டுல நான் நடக்கக்கூடாதா?" என்று கத்தினேன். மைக் அணைக்கவில்லை. ஒன்பது பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் மெதுவாக, "மிஸ், நாங்க அப்புறமா வரட்டுமா?" என்று கேட்டது.

வல்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் பின்னம் நடத்தினாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் லேப்டாப்பை மூடினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்கு மூட்டு வலி வந்தது.

ஏன் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும். மாலை ஐந்து மணி ஆனால் அவளைத் தேட ஒன்பது பேர் இருந்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து என்னைத் தேட ஒருவரும் இல்லை. பொறாமை. அறுபது வயதுக்காரன் ஒன்பது பொடிசுகள்மேல் பொறாமைப்பட்டான் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

மதியம் மூன்று மணிக்குக் கடைசி மூலையும் முடிந்தது. திட்டும் இல்லை, பிசிறும் இல்லை. ஒரே சீராக, வெறும் கண்ணாடி.

அணைத்த திரைக்கு முன்னால் வல்லியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பனியன் போட்ட ஒரு வழுக்கைத் தலையர் அதில் தெரிந்தார். அவருக்குப் பின்னால் பூஜை அலமாரி, குளியலறைக் கதவு, இரண்டுக்கும் நடுவே நான் துண்டோடு நடந்துவந்த வழி. பிள்ளைகள் பார்த்த அதே காட்சி. அந்த இடத்திலிருந்து பார்த்தால் நான் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்குக் கம்பீரமாக இல்லை.

பஸ்ஸில் கொடுத்தனுப்பப் போவதில்லை. நானே கொண்டுபோகிறேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். தேய்ப்பதில் எனக்கு இப்போது நல்ல பயிற்சி.

அக்டோபர் 7, செவ்வாய்

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். தஞ்சாவூர் வருவதற்குள் மூன்று பொய் தயார் செய்திருந்தேன். பழசு, தானாக உரிந்துவிட்டது. புழுக்கத்தில் அப்படி ஆகுமாம். கடைக்காரப் பெண்ணே எடுத்துவிடச் சொன்னார். மூன்றாவது பாதி உண்மை என்பதால் அதையே சொல்வதாக இருந்தேன்.

அண்ணிதான் கதவைத் திறந்தார். மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து திறந்தார். என்னைப் பார்த்ததும் ஞாபகம் வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். எந்தக் காலைப் பிடிப்பது என்று கொஞ்சம் குழப்பம் இருந்தது.

வல்லி மாடி அறையில் லேப்டாப்பை வாங்கித் திறந்தாள். விரலால் திரையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒத்திகை பார்த்த பொய் ஒன்றுகூட வரவில்லை.

"நான்தான் கெடுத்தேன். திருநீறு போட்டுத் தேச்சேன். அப்புறம் மிச்சத்தையும் நானே எடுத்தேன்."

"ஸ்கிரீன் போனா மாத்திக்கலாங்க," என்றாள். திரையை மெதுவாக மூடினாள். "அத ஏன் பிள்ளைங்க முன்னாடி சொன்னீங்க?"

"நீ வேலை பாக்கற. நான் பாக்கல. அதான். தப்பு, வல்லி. அது பொழுதுபோக்கு இல்லன்னு எனக்குத் தெரியும்."

அறுபது வருஷத்தில் பொட்டு வைக்காமல் நான் கேட்ட முதல் மன்னிப்பு இது. அவள் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். அவள் தபால்காரரிடமும் அதைக் கேட்பாள், அதனால் நான் எதுவும் முடிவு கட்டவில்லை.

அக்டோபர் 8, புதன்

ஐந்து மணிக்கு வகுப்பு தொடங்கியது. அண்ணி காப்பி கொடுத்து என்னை மேலே அனுப்பினார். சட்டை போட்டு, பொத்தானை மேல்வரை மாட்டிக்கொண்டு, அறை வாசலிலேயே நின்றேன். வல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் திரும்பவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தினாள்.

"உள்ள வாங்க," என்றாள். "சட்டை போட்டிருக்கறது இந்த ஸ்கிரீன்லயே தெரியுது."

நான் மெதுவாகப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். திரையில் ஒன்பது சின்ன முகம். தோகா பையன் ஒருவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"மிஸ், இவர் டவல் அங்கிள்தானே?"

ஆமாம் என்று நானே சொன்னேன். அன்றைக்கு உங்கள் வகுப்பு நடக்கும்போது நான் கத்தியது தப்பு, உங்கள் மிஸ் பார்ப்பது பெரிய வேலை, எனக்குத்தான் வேலை இல்லை என்று சொன்னேன். பணிமனை சங்கக் கூட்டத்தில் ஐந்நூறு பேர் முன்னால் பேசியிருக்கிறேன். அது இதைவிடச் சுலபம். ஒரு பெண் குழந்தை கை தூக்கியது. குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது.

"அங்கிள், அப்போ இனிமே நாங்க சிரிக்கலாமா?"

சிரிக்கலாம் என்றேன். ஒன்பது பேரும் உடனே சிரித்தார்கள். வல்லி சிரிக்கவில்லை. ஆனால் திரையில் அவள் முகமும் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்து கீழே வந்தபோது, "அந்தப் பூஜை அலமாரிய முதல்ல அங்கேருந்து மாத்துங்க," என்றாள். "வர்றதப் பத்தி அப்புறம் பேசலாம்."

அக்டோபர் 9, வியாழன்

காலை ரயிலில் தனியாகத் திரும்பினேன். மடியில் ஒன்றும் இல்லை. வழியில் துளை போடும் பிட் வாங்கினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

அலமாரியை எடுத்துச் சமையலறைப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டேன். மட்டம் கொஞ்சம் சாய்வு. பழைய இடத்தில் நான்கு ஓட்டை, ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்திருக்கிறது, மேஜை நாற்காலி எல்லாம் சிவப்புத் தூள். அப்படியே போட்டோ எடுத்து வல்லிக்கு அனுப்பினேன். இந்தத் தடவை கட்டைவிரல் வரவில்லை.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"எதையும் துடைக்காதீங்க. நாளைக்குக் காலை ரயில்ல வர்றேன். நான் வந்து பாத்துக்கறேன்."

துடைக்கவில்லை.